ஜோனி மிட்செலின் தொடக்கப் பதிவுகள்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

ஜோனி மிட்செல் கனடாவைச் சேர்ந்த பாடகி, பாடலாசிரியர். 2020 அக்டோபரில் ரைனோ என்ற இசை நிறுவனம் வெளியிட்ட 'ஜோனி மிட்செல் ஆர்க்கைவ்ஸ்' முதல் தொகுப்பு, 1963 முதல் 1967 வரையிலான பதிவுகளைக் கொண்டது. முதல் ஆல்பம் வருவதற்கு முன் வீட்டிலும் வானொலியிலும் சிறு மேடைகளிலும் பதிவானவை. அதுபற்றி வந்த கேள்விகள் கீழே.

கே: ஐந்து சிடி, ஏறக்குறைய ஆறு மணி நேரம். புதிதாகக் கேட்கிறவன் எங்கே தொடங்கட்டும், அண்ணா?

முதல் சிடியில் தொடங்காதீர்கள். கடைசிப் பகுதிக்குப் போங்கள். மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் கேன்டர்பரி ஹவுஸ் என்ற இடத்தில் 1967 அக்டோபர் 27 அன்று அவர் மூன்று சுற்றுகள் பாடினார். மூன்றும் முழுதாக இருக்கின்றன. பாட்டுக்கு நடுவே பேசுகிறார், கம்பிகளை மாற்றிச் சுருதி சேர்க்கிறார், அடுத்ததைத் தொடங்குகிறார். அதைக் கேட்டுவிட்டு 1963-க்குத் திரும்பினால், நான்கு வருடத்தில் என்ன நடந்தது என்பது காதிலேயே தெரியும். வரிசையாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் 1964-ஐத் தாண்டுவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். இழப்பு அவர்களுக்குத்தான்.

கே: 1963 பதிவுகளில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லையே?

இல்லை. அப்போது அவர் ஜோன் ஆண்டர்சன், வயது 19. கனடாவின் சாஸ்கடூனில் சிஎஃப்க்யூசி என்ற ஏஎம் வானொலி நிலையத்தில் பாடியவை அவை. 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்', 'ஜான் ஹார்டி', 'மாலி மலோன்' என எல்லாமே காப்பிக் கடைகளில் பலரும் பாடிவந்த நாட்டுப்பாடல்கள். கையில் இருப்பது கிட்டார்கூட அல்ல, பேரிடோன் யூகுலேலி என்ற சிறு வாத்தியம். அதன் நான்கு கம்பிகளின் சுருதி கிட்டாரின் மெல்லிய நான்கு கம்பிகளின் சுருதிதான். அடியில் கனமான கம்பி இல்லாததால்தான் ஒலி மெலிந்து கேட்கிறது. குறை பதிவில் மட்டும் இல்லை.

'நாட்டுப்பாடகி' என்று தன்னை அழைப்பதை ஜோனி வெகுகாலம் விரும்பவில்லை. இந்த நாடாக்களைக் கேட்ட பிறகுதான் தன் தொடக்கத்தை மன்னிக்க முடிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

கே: சில பதிவுகளில் இரைச்சல் அதிகம். ஈக்வலைசரில் சரிசெய்யலாமா சார்?

மேல் ஒலிகளை வெட்டாதீர்கள். நாடாவின் 'ஸ்ஸ்' சத்தமும் அவருடைய குரலின் காற்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் போய்விடும். வீட்டுப் பதிவுகளில் பாஸ், அதாவது கீழ் ஒலிகளைக் கூட்டினால் அறையின் உறுமல்தான் கூடும். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஸ்பீக்கரில் கேளுங்கள். இரைச்சல் அறையோடு கலந்துவிடும். ஹெட்ஃபோன் கேன்டர்பரி ஹவுஸுக்கு மட்டும் போதும்.

அதிகமாகச் சுத்தம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய முதல் ஆல்பமே சாட்சி. 1968-இல் வந்த 'சாங் டு எ சீகல்'. அதைத் தயாரித்த பாடகர் டேவிட் கிராஸ்பி, கம்பிகளின் எதிரொலி வேண்டுமென்று திறந்த பியானோவுக்குள் அவரைப் பாடவைத்தார். வேண்டாத சத்தமும் சேர்ந்து ஏறியது. அதை நீக்கப்போய் மேல் ஒலிகளும் மங்கின. 2021-இல் ரிப்ரைஸ் நிறுவனத்துக்காக அவர் பதிந்த ஆல்பங்களின் தொகுப்பில் அதற்குப் புது மிக்ஸ் வந்திருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே: 'அர்ஜ் ஃபார் கோயிங்', 'தி சர்க்கிள் கேம்' எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றனவே. எதற்கு?

பெட்டியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 'அர்ஜ் ஃபார் கோயிங்' 1965-இல் டெட்ராய்ட்டில் அம்மாவின் பிறந்தநாளுக்காகப் பதிந்த நாடாவிலேயே இருக்கிறது. அதை முதலில் ஹிட்டாக்கியது கன்ட்ரி பாடகர் நான்காம் ஜார்ஜ் ஹாமில்டன். ஜோனியின் சொந்த ஸ்டூடியோ பதிவு 1972-இல் ஒரு சிங்கிளின் மறுபக்கமாகத்தான் வெளியானது. 'சர்க்கிள் கேம்' அவருடைய ஆல்பத்தில் வந்தது 1970-இல், 'லிட்டில் கிரீன்' 1971-இல். 'போத் சைட்ஸ் நௌ' முதலில் பாடகி ஜூடி காலின்ஸ் குரலில் வந்தது. ஆக, ஆல்பங்களின் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் அவர் எழுதிய வரிசையே தலைகீழாகிவிடும். இந்தப் பெட்டி அதை நேராக்குகிறது.

'சர்க்கிள் கேம்' கேட்கும்போது, 1967 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியா வானொலியில் அவர் பாடிய 'சுகர் மவுன்டன்' பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அது பாடகர் நீல் யங் எழுதியது. இளமை முடிந்துவிட்டதே என்ற ஏக்கம். அதற்கு ஜோனி எழுதிய பதில்தான் 'சர்க்கிள் கேம்'.

கே: கிட்டாரில் வாசிக்க முயன்றேன். கார்டு சரியாகப் பிடித்தும் அந்த ஒலி வரவே இல்லை.

வராது. நீங்கள் வழக்கமான டியூனிங்கில் இருக்கிறீர்கள். ஒன்பது வயதில் போலியோ வந்ததில் அவருடைய இடது கை பலவீனமானது. கடினமான கார்டுகளைப் பிடிப்பதற்குப் பதில் கம்பிகளையே மாற்றிச் சேர்த்துக்கொண்டார்.

முதலில் ஓப்பன் டி பழகுங்கள், அதாவது எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும் டியூனிங். தடித்த கம்பியிலிருந்து: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஆறாவது கம்பியை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்குங்கள். ஐந்தாவதையும் நான்காவதையும் தொடவேண்டாம். மூன்றாவதை ஒரு ஃப்ரெட், இரண்டாவதையும் முதலாவதையும் இரண்டிரண்டு ஃப்ரெட் இறக்குங்கள். டியூனர் இல்லையென்றால் டி75435 என்ற குறிப்பு போதும். தடித்த கம்பி டி, அதன் ஏழாவது ஃப்ரெட்டும் திறந்த அடுத்த கம்பியும் ஒரே சுரம், அந்தக் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் அதற்கடுத்தது, இப்படியே கடைசிவரை. ஓப்பன் ஜி என்றால் டி57543. 'சர்க்கிள் கேம்' அதில்தான், நான்காவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு.

கே: ஓப்பன் ஈ வைத்தபோது கம்பி அறுந்துவிட்டது. எங்கே தப்பு?

ஓப்பன் ஈ-யில் மூன்று கம்பிகளை ஏற்றவேண்டும். பழைய கம்பி தாங்காது; கிட்டாரின் முகப்புப் பலகைக்கும் நல்லதல்ல. ஓப்பன் டி வைத்து இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள், அதே சுருதி. ஓப்பன் டி-யில் ஆறாவது கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'ர்ர்ர்' என்றால் கம்பி மெல்லியது என்று அர்த்தம். மெல்லிய 10 செட்டைக் கழற்றித் தடித்த 12 செட் கம்பிகளை மாட்டுங்கள். இறக்கும்போது சுரத்துக்குக் கொஞ்சம் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பிரடையின் பல் தளர்வாக நிற்கும், பாதிப் பாட்டில் சுருதி நழுவிவிடும்.

கே: எல்பியில் கிடைக்குமா?

'எர்லி ஜோனி 1963' ஒரு தட்டாகவும், கேன்டர்பரி ஹவுஸ் நிகழ்ச்சி மூன்று தட்டுகளாகவும் தனியே வந்தன. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் இரண்டாவது.

கே: ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பதிந்த நாடா இதில் இருக்கிறதா?

இல்லை, அது இரண்டாம் தொகுப்பில். 1968 மார்ச் 19, ஒட்டாவாவில் லெ ஹிபூ காப்பிக் கடை. தன் கச்சேரியை முடித்துவிட்டு வந்த ராக் கிட்டார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸ், மேடை ஓரத்தில் மண்டியிட்டு ஜோனி பாடியதைத் தன் டேப் ரெக்கார்டரில் பதிந்தார். சில நாட்களில் அது திருடுபோனது. பல பத்தாண்டுகள் கழித்து, கனடா தேசிய நூலக ஆவணக் காப்பகத்துக்கு நன்கொடையாக வந்த ஒரு சேகரிப்புக்குள் கிடந்தது.