கடலே இல்லாத மலையகத்தில் சுனாமி நாளன்று ஏன் மௌன அஞ்சலி?

டிசம்பர் 26 இலங்கையின் தேசிய பாதுகாப்பு தினம். 2004 சுனாமியில் உயிரிழந்தவர்களை நினைத்துக் காலை 9.25 முதல் 9.27 வரை நாடே மௌனம் காக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில், அதாவது ஒரு குடும்பத்தின் அறையில், சாவு விழுந்தால் பக்கத்துக் காம்பராக்களிலும் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும் அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும்.

மலையகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரியது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் கிடந்தது. இராணுவத்தினரும் தோட்டத்து மக்களும் அந்தச் சேற்றை நாட்கணக்கில் தோண்டினார்கள். அந்த இரண்டு நிமிடங்களில் அங்கே மாண்டவர்களையும், தோண்டியவர்களை நன்றியோடும் நினைக்க வேண்டும்.

சுனாமியில் மாண்டவர்களுக்கு மட்டுமான நாள் இது என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற இயற்கை அனர்த்தங்களில் இறந்தவர்களுக்கும் இது உரியது.