அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் உண்மையிலேயே படித்துத்தான் பட்டம் பெறுகிறார்களா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு உதவித்தொகையில் சேருபவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்றுவிடுவதாகச் சொல்கிறார்கள். டென்னிஸ் ஆடும் என் மகளை அனுப்பலாமா என்று யோசிக்கிறோம். இந்தக் கணக்கை நம்பலாமா?

பதில்: கணக்கு பொய்யில்லை. ஆனால் நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கு அது விடையுமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் மேற்படிப்புப் படித்தபோது, கைச்செலவுக்காக இரண்டு ஆண்டுகள் அங்கிருந்த விளையாட்டு வீரர்களுக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அங்கு நான் பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் தகுதி விதிகள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் (அதன் மேல்மட்டப் பிரிவு) ஆட வேண்டுமானால், உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ (4 புள்ளி அளவில் சராசரி மதிப்பெண்) எடுத்திருக்க வேண்டும். அந்தப் பதினாறில் பத்துப் பாடங்களைப் பள்ளியின் இறுதி ஆண்டு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதன் பொருள், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் பட்டியல்கள் கேட்கப்படும் என்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண் இப்போது இந்தத் தகுதிக்குத் தேவையில்லை. 2023 ஜனவரியில் அதை நீக்கிவிட்டார்கள். அந்த நிபந்தனைக்கு ஒரு நீண்ட சண்டை வரலாறு உண்டு. 1986இல் நடைமுறைக்கு வந்த 48ஆம் முன்மொழிவு என்ற என்சிஏஏ விதி எஸ்ஏடியில் 1600க்கு 700 மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கியது. 1989இல் அதை மேலும் இறுக்கி, தகுதி எட்டாதவர்களுக்கு உதவித்தொகையையே மறுக்கும் தீர்மானம் வந்தபோது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன், ஏழைக் கறுப்பின மாணவர்களின் வாசலை இது அடைக்கிறது என்று கண்டித்து, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் களத்தைவிட்டு வெளியேறினார்.

இது வாசலில் நிற்கும் விதி. உள்ளே நுழைந்தபின் வருவதுதான் உண்மையில் படிப்பின் போக்கைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் தேர்ந்தெடுத்த பட்டத்துக்கான பாடங்களில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 விழுக்காடும், நான்காம் ஆண்டு முடிவில் 80 விழுக்காடும் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த பருவத்தில் ஆட முடியாது. நான்கு ஆண்டுகள் ஆடவைத்துவிட்டுப் பட்டமில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் பழைய வழக்கத்தைத் தடுக்க வந்த நல்ல விதி இது. அது என்ன செய்தது என்பதை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஒருவரிடம்தான் கண்டேன்.

அவர் கால்பந்து வீரர். அதாவது அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு வருவார். தொகைநுண்கணிதக் கணக்குகளை நான் முடிப்பதற்குள் அவர் முடித்துவிடுவார். இயந்திரப் பொறியியல் படிக்க வந்தவர். ஆனால் ஆய்வக வகுப்புகள் பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை, அணிப் பயிற்சியோ இரண்டரைக்குத் தொடக்கம். ஆய்வகத்தைத் தள்ளிப்போட்டால் அடுத்தடுத்த பாடங்களும் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் 40 விழுக்காடு எட்டாது. எட்டாவிட்டால் ஆட்டம் போகும், அதோடு உதவித்தொகையும் ஆட்டம் காணும். தாமதமாக விழித்துக்கொண்டு வேறு பட்டத்துக்கு மாறினால், அதுவரை படித்த பொறியியல் பாடங்களில் பல புதிய பட்டத்தின் கணக்கில் சேராது. ஆகவே மூன்றாவது பருவத்திலேயே கல்வி ஆலோசகர் அவரை உட்காரவைத்து, எல்லாப் பாடங்களும் காலையிலேயே முடிந்துவிடும் ஒரு பொதுப் பட்டத்துக்கு மாற்றினார். அந்த ஆலோசகரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வேலை அந்த மாணவரை ஆடும் தகுதியில் வைத்திருப்பது. அந்த வேலையை அவர் ஒழுங்காகவே செய்தார். வகுப்புக்கு வந்திருக்கிறார்களா என்று கதவுக் கண்ணாடி வழியே எட்டிப்பார்த்துக் குறித்துக்கொள்ள ஆள் வைத்திருந்தார்கள்; என்னிடமும் ஒவ்வொரு அமர்வுக்கும் கையெழுத்து வாங்கினார்கள். எந்தப் பாடத்தைப் படிக்க ஆசை என்று கேட்கும் கட்டம் மட்டும் அந்தப் படிவத்தில் இல்லை.

இது ஓரிடத்துக் கதையன்று. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க முயன்றபோது, அணியின் குவார்ட்டர்பேக் (தாக்குதல் ஆட்டத்தை வழிநடத்துபவர்) கெய்ன் கோல்ட்டர், மருத்துவம் படிக்க விரும்பிய தனக்கு வேதியியல் பாடம் பயிற்சி நேரத்தோடு மோதியதாகவும், இறுதியில் உளவியலுக்கு மாறியதாகவும் விசாரணையில் சாட்சியம் சொன்னார். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற விதி 1991 முதல் இருக்கிறது. பயணமும், சிகிச்சையும், 'விருப்பத்தின் பேரில்' செய்யும் உடற்பயிற்சியும் அந்த 20க்குள் வருவதில்லை.

இனி நீங்கள் கேட்ட விழுக்காடு. பட்டம் பெறும் விகிதத்தை அங்கே இரண்டு விதமாகக் கணக்கிடுகிறார்கள். முன்பு கூடைப்பந்து ஆடி, பின்னர் நாடாளுமன்றம் சென்ற பில் பிராட்லி, டாம் மெக்மில்லன் ஆகியோரின் முயற்சியால் 1990இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களில் எத்தனை பேர் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுகிறார்கள் என்று வெளியிட வேண்டும். இந்த அரசுக் கணக்கில், வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பட்டம் வாங்கியவரும் முதல் கல்லூரிக்குத் தோல்விதான். அது நியாயமில்லை என்று என்சிஏஏ தனக்கென ஜிஎஸ்ஆர் (பட்டம் பெறும் வெற்றி விகிதம்) என்ற கணக்கை உருவாக்கிக்கொண்டது: நல்ல மதிப்பெண் நிலையில் வெளியேறியவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்கள், புதிதாக மாறி வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அரசுக் கணக்கில் 70ஐ ஒட்டி நிற்கும் எண், ஜிஎஸ்ஆரில் 90ஐத் தாண்டுகிறது. 2023இல் முதல் பிரிவுக்கு 91. பிற கல்லூரிக்கு மாறியவர்களைப் பொறுத்தவரை இது நேர்மையான திருத்தமே. ஆனால் நல்ல நிலையில் வெளியேறிவிட்டு, எந்தக் கல்லூரியிலும் சேராமல் போனவரும் இந்தக் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். சாதாரண மாணவர்களுக்கு இதே முறையில் கணக்குப் போடுவதில்லை. எனவே ஒரு பக்கம் ஜிஎஸ்ஆரையும் மறுபக்கம் மற்ற மாணவர்களின் அரசு விகிதத்தையும் வைத்து, 'எங்கள் வீரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படிக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால், வேறு வேறு படிகளால் அளந்த நெல்லை ஒப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அணிகளைத் தண்டிக்க ஏபிஆர் (கல்வி முன்னேற்ற விகிதம்) என்று இன்னொரு மதிப்பெண் இருக்கிறது. உதவித்தொகை பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு பருவத்தில் இரண்டு புள்ளிகள்: தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியில் நீடித்தால் ஒன்று. பெற்றதை, பெறக்கூடியதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 13 பேர் கொண்ட கூடைப்பந்து அணிக்கு, இரண்டு பருவங்கள் கொண்ட ஓர் ஆண்டுக்கு 52 புள்ளிகள். இரண்டு பேர் ஆண்டு முடிவில் தேர்ச்சியும் இல்லாமல் கல்லூரியையும் விட்டுப் போனால் 48, அதாவது 923. நான்கு ஆண்டு சராசரி 930க்குக் கீழே போனால், ஆண்டின் முடிவில் வாகையரைத் தீர்மானிக்கும் தொடர் போட்டிகளுக்கு அனுமதி இல்லை. ஏதோ சின்ன அணிகளைத்தான் இது பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். 2011இல் தேசிய வாகையராக இருந்த கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியே இதனால் 2013 தொடரில் ஆட முடியவில்லை. (2014இல் திரும்பி வந்து மறுபடியும் வாகை சூடினார்கள்.)

எண்ணை எட்டாவிட்டால் தண்டனை என்றால், எண்ணை எட்டும் குறுக்குவழியும் பிறக்கும். வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், 1993 முதல் 2011 வரை, வகுப்பே கூடாத, பேராசிரியரே வராத, ஒரே ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல மதிப்பெண் கிடைக்கும் பாடங்கள் நடந்தன. 3,100 மாணவர்கள் அவற்றில் பதிவு செய்தனர். கிட்டத்தட்டப் பாதிப் பதிவுகள் விளையாட்டு வீரர்களுடையவை. கட்டுரைகளைத் திருத்தியவர் துறையின் அலுவலக நிர்வாகி. அவர் 2009இல் ஓய்வுபெற்றதும், அந்தப் பாடங்கள் இனி இல்லை என்று கால்பந்துப் பயிற்சியாளர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டி எச்சரித்திருக்கிறார்கள் கல்வி ஆலோசகர்கள். 2014இல் இது விசாரணை அறிக்கையாகவே வந்தது. 2017இல் என்சிஏஏ, அந்தப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே வீரர்களுக்கு மட்டுமான சலுகை என்று சொல்ல முடியாது என்று கூறித் தண்டிக்காமல் விட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

உங்கள் மகளின் நிலை இவ்வளவு இக்கட்டானதன்று. டென்னிஸ் பணம் கொழிக்கும் ஆட்டமில்லை; பெண்கள் அணிகளின் பட்டம் பெறும் விகிதம் ஆண்கள் அணிகளைவிட உயர்வாகவே இருந்துவருகிறது. ஆனால் பயணத்தைக் கேளுங்கள். 2024இல் மேற்குக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் கிழக்கே அட்லாண்டிக் கரை அணிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தன; லாஸ் ஏஞ்சல்ஸின் பெரிய பல்கலைக்கழகங்களான யுசிஎல்ஏ, யுஎஸ்சி இரண்டும், நியூ ஜெர்சி வரை நீளும் இன்னொரு கூட்டமைப்பில் இருக்கின்றன. வசந்தப் பருவத்தில் வியாழக்கிழமை விமானம் ஏறினால் வெள்ளிக்கிழமை ஆய்வகம் போயிற்று. உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதோடு, பெரும்பாலான அணிகளின் இணையப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயரோடும் அவர் எடுத்திருக்கும் முதன்மைப் பாடம் போட்டிருக்கும். கடந்த நான்கு ஆண்டுப் பட்டியல்களை எடுத்து வைத்து, முதலாண்டில் என்ன இருந்தது, கடைசி ஆண்டில் என்னவாக மாறியது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் படித்தவரின் பெயருக்கு எதிரே முதலாண்டில் இயந்திரப் பொறியியல் என்று இருந்தது. பிறகு அவர் உரிய காலத்தில் பட்டமும் பெற்றார். நீங்கள் கேட்ட அந்தக் கணக்கில் அவரும் ஒருவர்.