வாசகர் கேள்வி பதில்: குளியலறைக்கு 12,000 வெள்ளி போதுமா?

கேள்வி: யீஷூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, 1991இல் கட்டிய புளோக். இரண்டு குளியலறைகளையும் இதுவரை தொட்டதே இல்லை. டைல்ஸ் மஞ்சளாகிவிட்டது, ஒரு மூலையில் கால் வைத்தால் 'டொக் டொக்' என்கிறது. 12,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறோம். மூன்று குத்தகையாளர்களிடம் விலை கேட்டதில் 5,200, 9,800, 12,600 என்று சொன்னார்கள். குறைந்த விலைக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, இப்போதைக்கு மூன்று பேருக்குமே முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் புளோக்குக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம், அதாவது எல்லாரும் 'ஹிப்' என்று சொல்வது, வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். 1986 வரை கட்டிய வீடுகளுக்கு மட்டும் இருந்ததை 2018இல் அறிவித்து 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டித்தார்கள், உங்கள் வீடு அதற்குள் வருகிறது. புளோக் தேர்வாகி, வாக்களிப்பில் 75 விழுக்காட்டுச் சிங்கப்பூரர் குடும்பங்கள் சரி என்றால் வேலை நடக்கும். குளியலறைப் புதுப்பிப்பு அதில் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும் பகுதி, நாலறை வீட்டுச் சிங்கப்பூரர் அதன் செலவில் 7.5 விழுக்காடு கட்டினால் போதும். எங்கள் புளோக்கில் ஒரு குடும்பம் சொந்தச் செலவில் எல்லாவற்றையும் மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஹிப் கடிதம் வந்துவிட்டது. லிஃப்டில் அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் குரலே எழவில்லை. வீவக கிளையில் கேளுங்கள், தெளிவான பதில் கிடைக்காவிட்டால் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

சரி, ஹிப் இப்போதைக்கு வருவதாக இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த 5,200 வெள்ளி, பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டுகிற விலையாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள். நல்ல தரைக்கு அது தப்பில்லை, பூச்சும் டைல்ஸும் சேர்த்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற வீவக விதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் 'டொக் டொக்' என்று கேட்கிறது என்கிறீர்களே, டைல்ஸ் அடித்தளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் எதை ஒட்டினாலும் நிற்காது. அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங்கும், அதாவது நீர் கசியாமல் தடுக்கும் பூச்சும், முப்பது வருடத்துக்கு மேல் பழசு. உங்கள் வீட்டுக்கு ஹேக்கிங், அதாவது பழையதை உடைத்தெடுப்பது, செய்துதான் ஆக வேண்டும்.

நான் எங்கள் வீட்டுக் குளியலறையைச் செய்தபோது குத்தகையாளர் தண்ணீரைத் தேக்கிக் கசிகிறதா என்று பார்க்காமலேயே டைல்ஸ் போட்டுவிட்டார், நானும் அவசரத்தில் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக்காரர் கைப்பேசியில் ஒரு படத்தோடு வந்து நின்றார், அவருடைய கூரையில் ஒரு தட்டு அளவுக்குக் கறுப்பு வட்டம். அதனால் சொல்கிறேன், வாட்டர்புரூஃபிங் பூசிக் காய்ந்ததும் தரைத் துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் நீங்களே கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து பாருங்கள், கீழ்வீட்டுக் கூரையையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் டைல்ஸ்.

இப்போது கணக்கு. 9,800க்கு ஜிஎஸ்டி சேர்த்தார்களா? குத்தகையாளர் ஜிஎஸ்டிக்குப் பதிந்தவர் என்றால் 9 விழுக்காடு, 882 வெள்ளி, மொத்தம் 10,682. கையில் மிச்சம் 1,318. உடைத்த பிறகு பழைய குழாய் ஏதாவது அரித்துப்போய் இருந்தால் அதற்கு இந்தப் பணம் வேண்டும், இதை அலங்காரத்துக்குத் தொடாதீர்கள். 12,600இல் கண்ணாடித் தடுப்பும் ஹீட்டரும் சேர்த்திருக்கலாம், 9,800இல் கழிப்பறைக் கிண்ணமே சேராமல் இருக்கலாம், இடிபாட்டை அள்ளிப்போகும் காசும் தனியாக இருக்கலாம். ஆகவே இருவரிடமும் வரிவரியாக எழுதித் தரச்சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஊரில் கூலிதான் காசைத் தின்கிறது. கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைப்பது, பொடி டைல்ஸ் வேண்டாம் என்பது, இரண்டு அறைக்கும் ஒரே டைல்ஸ் எடுப்பது, இந்த மூன்றிலேயே நல்ல மிச்சம் பிடிக்கலாம். ஒப்பந்தம் போடுமுன் அவர் வீவக பட்டியலில் உள்ளவரா, அனுமதி எடுப்பாரா என்று பாருங்கள். மசேநிதி (மத்திய சேம நிதி) பணத்தைப் புதுப்பிப்புக்கு எடுக்க முடியாது, வங்கிக் கடன் வாங்கித்தான் கண்ணாடி போடவேண்டும் என்றால் கண்ணாடியே வேண்டாம், திரைச்சீலை போதும்.

அப்புறம் ஒன்று. உடைக்கும் வேலை வாரநாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறு கூடாது. யாராவது ஒருவர் லீவு போட வேண்டியிருக்கும். ஒரு குளியலறையை முடித்துவிட்டு அடுத்ததை உடைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குளியலறைக் கூரை கசிகிறது. மேல்வீட்டுக்காரர்தானே முழுச் செலவையும் ஏற்கவேண்டும்?

பதில்: இல்லை ஐயா. வீவக வீடுகளில் மேல்வீடு, கீழ்வீடு இருவருக்குமே பொறுப்பு உண்டு. நல்லெண்ண முறையில் பழுதுபார்க்கும் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் பாதிச் செலவை வீவக ஏற்கும், நீங்கள் 25, அவர் 25 விழுக்காடு. சண்டை போடுமுன் இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள், கதவைத் திறந்து விடுவார்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. ஈரத் தரையில் ஒருமுறை வழுக்கிவிட்டார். முழுதாகப் புதுப்பிக்க வசதியில்லை.

பதில்: முழுதாகச் செய்யவே வேண்டாம். குடும்பத்தில் 65 வயதான சிங்கப்பூரர் இருந்தால் வீவக வீட்டுக்கு 'ஈஸ்' திட்டம் உண்டு. குளியலறைத் தரைக்கு வழுக்காத பூச்சும் சுவரில் கைப்பிடிகளும் போட்டுத் தருவார்கள், செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கும். இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கைப்பிடி பொருத்த வரும் அன்று அம்மாவைக் குளியலறையில் நிற்க வைத்து, கிண்ணத்தில் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லி, அவர் கை தானாகப் போகும் இடத்தைச் சுவரில் குறித்த பிறகு துளை போடச் சொல்லுங்கள்.