பெர்ரிக் பாஸ்பேட் ஏன் பழுப்பாக வருகிறது?

கேள்வி: பெர்ரிக் குளோரைடு கரைசலில் டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலை ஊற்றி பெர்ரிக் பாஸ்பேட் தயாரித்தேன். வெள்ளையாக வரும் என்று படித்திருந்தேன், ஆனால் துரு நிறத்தில் கூழாக வந்தது. 'பழுப்பு என்றால் இரும்பு அதிகம், அதுதான் நல்ல சரக்கு' என்கிறார் ரசாயன வியாபாரி. உண்மையா?

பதில்: இல்லை. அந்தப் பழுப்பு, கூடவே படிந்துவிட்ட இரும்பு ஹைட்ராக்சைடு. டிரைசோடியம் பாஸ்பேட் நல்ல காரம். அதை ஊற்ற ஊற்ற அமிலத்தன்மை போய், இரும்பில் ஒரு பங்கு ஹைட்ராக்சைடாகிவிடுகிறது. கரைசலின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சமன்பாட்டை அழகாக அச்சிடும் செய்முறைப் புத்தகங்கள் பல இந்த ஒரு எண்ணைச் சொல்வதே இல்லை. கற்றுக்கொள்கிறவர்தான் பாவம், தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்.

அடுத்த முறை பெர்ரஸ் சல்பேட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் கரைசலில் ஒரு மோல் (மூலக்கூறு எண்ணிக்கையின் அலகு) இரும்புக்கு ஒரு மோல் பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, பெர்ரஸ் இரும்பை பெர்ரிக்காக மாற்ற நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரண்டு மோல் இரும்புக்கு ஒரு மோல் பெராக்சைடு, கொஞ்சம் கூடவே இருக்கட்டும். சூடேறிப் பொங்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கந்தக அமிலம் உண்டாகி பிஹெச் இறங்கும். நீர்த்த அம்மோனியாவால் 2-க்குக் கொண்டு வாருங்கள். முதலில் மஞ்சள் சாயலில் படியும். 90 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் கிளறினால் இரண்டு நீர் மூலக்கூறுள்ள படிகமாகி வெளுத்துவிடும். லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால் பயப்படாதீர்கள். அப்புறம் கழுவுங்கள். கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெண்மையாகக் கலங்கக் கூடாது, கலங்கினால் சல்பேட் இன்னும் மிச்சம்.

இப்போது அந்த வியாபாரியின் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது அங்கேதான். ஹைட்ராக்சைடு கலந்தால் இரும்புச் சதவீதம் உண்மையாகவே ஏறும். இரும்பை மட்டும் அளந்த அறிக்கையைக் காட்டி மட்டமான சரக்கை உயர்ந்தது என்று விற்றுவிடலாம். பாஸ்பரஸ் அளவையும் கேளுங்கள். எடையில் பாஸ்பரஸைப் போல் இரும்பு 1.8 மடங்கு இருக்க வேண்டும், நீர் எவ்வளவு இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. கணிசமாகக் கூடினால் வாங்காதீர்கள்.

இன்னொரு தந்திரம், நீரேறியதை நீரற்றது என்று விற்பது. நீரற்றதில் இரும்பு 37 சதவீதம், இரண்டு நீருள்ளதில் 29.9 சதவீதம்தான். லேபிளில் வெறும் 'இரும்பு பாஸ்பேட்' என்று போட்டு விற்பது பெரிய அநியாயம். பெர்ரஸா பெர்ரிக்கா என்பதுகூட அதில் தெரியாது! 500 டிகிரியில் சூடாக்கி எடை பாருங்கள். இரண்டு நீருள்ளது 19.3 சதவீதம் எடை இழக்கும், நீரற்றது அநேகமாக இழக்காது. ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள். 90 டிகிரியில் கிளறாமல் அப்படியே உலர்த்திய மஞ்சள் தூளில் நீருக்குக் கணக்கே கிடையாது, 19.3-ஐத் தாண்டியும் இழக்கும். அதை வைத்து ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிடக் கூடாது. படிகமாகாத சரக்கு, அவ்வளவுதான். நீங்களே தயாரித்ததும் அப்படி எடை இழந்தால், கிளறிய நேரம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் பழுப்புக் கூழைக் கொட்டிவிட வேண்டாம். நன்றாகக் கழுவி, பாஸ்பாரிக் அமிலத்தால் பிஹெச்சை 2-க்கு இறக்கி, அதே சூட்டில் கிளறிப் பாருங்கள். பெரும்பகுதி வெளிறிவிடும்.