முட்டு சிக்கிக்கொள்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

குலசேகரத்திலிருந்து எழுதியிருக்கும் 44 வயது ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிக்கு,

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வலது முட்டின் உட்பக்க ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிந்திருப்பதாக வந்ததும், அதற்குப் பதிலாக வைக்கும் பிளாஸ்டிக் ஜவ்வு பத்து வருஷம் தாங்குமா, பொடிந்து போனால் புற்றுநோய் வருமா, முடங்கிவிடுவேனா என்று கேள்விகளாக அடுக்கியிருக்கிறீர்கள். நடுவே ஒரே ஒரு வரி: "குத்தவைத்து எழுந்தால் சில நேரம் முட்டு சிக்கிக்கொள்ளும், உதறினால்தான் நிமிரும்." நான் கவலைப்படுவது அந்த வரிக்காகத்தான்.

கிழிந்த ஜவ்வின் ஒரு துண்டு புரண்டு இரண்டு எலும்புக்கும் நடுவில் போய் மாட்டினால் இப்படி ஆகும். இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டுக்குக் கீழே இரண்டு காலும் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். வீட்டில் ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு குதிகாலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். வலது குதிகால் உயர்ந்தே நின்றால் முட்டு முழுதாக நீளவில்லை. அப்படியானால் அந்த வாரமே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ வேறெங்குமோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். குதிகால் சமமாக இருந்தாலும், சிக்குவது தொடர்கிறதென்றால் காட்டத்தான் வேண்டும். சீக்கிரம் போனால் ஜவ்வைத் தைத்துக் காப்பாற்ற வழியுண்டு. நாள் கடத்தினால் அந்தத் துண்டு நசுங்கி, வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். அதுவரை தடவுகிறேன், இழுத்து நிமிர்த்துகிறேன் என்று யார் வந்தாலும் காலைக் கொடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் ஜவ்வு உங்களுக்கு இப்போது தேவையே இல்லை. ஜவ்வை ஏற்கெனவே வெட்டி எடுத்தும் வலி தீராதவர்களுக்கானது அது. ஐரோப்பாவில் 2008 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. ஒரு வகை பாலியூரித்தேன் பஞ்சு போல, மிச்சமிருக்கும் ஜவ்வோடு சேர்த்துத் தைப்பார்கள். உள்ளே நம் திசு வளர வளர அது மெல்லக் கரையும். இன்னொரு வகை, தைக்காமல் முழு ஜவ்வாக உள்ளே வைப்பது. பஞ்சு வகையைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில் பலருக்கு வலி குறைந்தே இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் அது சுருங்கியும் ஓரமாகப் பிதுங்கியும் தெரிகிறது; கணிசமான பேருக்கு மறுபடி அறுவை சிகிச்சை வேண்டியிருந்தது. முழுதாக வைப்பது இடம் மாறலாம், கிழியலாம். மூட்டுத் தேய்மானத்தை இவை தடுக்கும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. குத்தவைத்து வேலை செய்கிற உங்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

புற்றுநோய் பயத்தை விடுங்கள். இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் கம்பியின் உறையிலேயே பல பத்தாண்டுகளாக இருக்கிற பொருள்தான் பாலியூரித்தேன். அமெரிக்கா தடை செய்தது என்று யூடியூபில் பார்த்தீர்களே, அது மாட்டுத் தசைநாரிலிருந்து செய்த வேறொரு ஜவ்வு. அதற்கு 2008-ல் கொடுத்த அனுமதியைத் தந்திருக்கக் கூடாது என்று 2010-ல் அந்நாட்டு அதிகாரிகளே சொன்னார்கள். புற்றுநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முட்டில் வலியில்லாமல் கேட்கும் 'டக் டக்' சத்தத்தையும் மறந்துவிடுங்கள்.

'கிழிசல்' என்ற சொல்லைப் பார்த்தே ஒடிந்து போகவும் வேண்டாம். 50 வயது தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தின ஒரு மாதமாக முட்டில் வலியே இல்லை. சிக்குதல் இல்லாத தேய்மானக் கிழிசலென்றால் முதலில் தொடைத் தசைக்குப் பயிற்சிதான். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். அதுவரை குத்தவைத்துத் தாழ்ந்த பட்டையில் வெட்டும் மரங்களை வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கி நாலு மாதமாக வெறும் வயிற்றில் விழுங்குகிறீர்களே டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை, அதற்குத்தான் எனக்குக் கோபமே வருகிறது. பிரஷர் மாத்திரையும் போடுகிறவர் நீங்கள். வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். இன்றோடு நிறுத்துங்கள். மலம் கறுப்பாகப் போயிருந்தால் முட்டு காத்திருக்கட்டும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றாலும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். முட்டைக் காட்டப் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.