அந்த கவுனை முடித்தது யார்?

அன்புள்ள சார்,

நீங்கள் பாராட்டி எழுதியிருந்தீர்களே என்று ‘பாண்டம் திரெட்’ படம் பார்த்தோம். வீட்டுக்காரர் பாதியிலேயே தூங்கிவிட்டார். எனக்கு உடைகள், அந்த வீடு, இசை எல்லாம் பிடித்தன. பிடிக்காதது ஆடை வடிவமைப்பாளர் ரெனால்ட்ஸைத்தான். காதலி ஆல்மா ரொட்டியில் வெண்ணெய் தடவும் சத்தத்துக்கே எரிந்து விழுகிறார். பெரிய கலைஞன் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? அவளோ பதிலுக்கு விஷக் காளானைக் கொடுக்கிறாள். இதை எப்படிக் காதல் படம் என்கிறீர்கள்? என் அப்பா மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டிருந்தவர். சித்திரைத் திருவிழா நேரத்தில் வேலை கழுத்தை நெரிக்கும். அப்போதுகூட யாரிடமும் சத்தம் போட்டதில்லை.

மீ., திருநகர், மதுரை

அன்புள்ள மீ.,

கலைஞனுக்குக் கோபம் வரும், சுற்றியிருப்பவர்கள்தான் பொறுத்துப் போகவேண்டும் என்பது நம் பக்கமும் பழைய கதைதான். ஆனால் இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் ரெனால்ட்ஸுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. அந்த வேடத்தில் டேனியல் டே லூயிஸ் அவ்வளவு கம்பீரமாக நடிப்பதால் நாம்தான் தந்துவிடுகிறோம்.

ரொட்டியில் கத்தி உரசும் சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்திருக்கிறார்கள். ரெனால்ட்ஸின் காதால் நாமும் கேட்கிறோம், சிரிப்பு வருகிறது. 1950களின் லண்டனில் சீமாட்டிகளுக்கு உடை தைப்பவர், காலைச் சாப்பாட்டில் சத்தம் வந்தால் நாளே கெட்டது என்று சிணுங்குகிறார். வீட்டையும் தொழிலையும் கட்டிக் காப்பது சகோதரி சிரில்.

நீங்கள் விஷம் என்று ஒரு வரியில் தாண்டிப்போன இரவுக்கு வருகிறேன். பெல்ஜிய இளவரசியின் கல்யாண கவுன் தயாராக நிற்கிறது. காளான் வேலையைக் காட்ட, ரெனால்ட்ஸ் அதன் மேலேயே சாய்ந்து விழுகிறார். காலையில் அனுப்பியாக வேண்டிய உடை பாழாகிவிட்டது. அவர் மாடியில் சுருண்டு கிடக்க, கீழே தையல் பெண்கள் விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்கிறார்கள். மடிப்புக்குள் அவர் ரகசியமாக வைத்துத் தைத்திருந்த எழுத்துத் துணித் துணுக்கை ஆல்மா எடுத்துவிடுகிறாள். அந்தப் பெண்களில் இரண்டு மூதாட்டிகள் தொழில்முறை நடிகைகள் அல்லர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்களாக இருந்தவர்கள், தையல் தெரிந்தவர்கள். ஊசி பிடிப்பதிலேயே அது தெரிகிறது. டே லூயிஸும் நியூயார்க் சிட்டி பாலேயின் ஆடைப் பிரிவில் மாதக்கணக்கில் தையல் கற்றுக்கொண்டுதான் நடிக்க வந்தார். ஆடை வடிவமைப்புக்காக மார்க் பிரிட்ஜஸ் 2018இல் ஆஸ்கர் வாங்கினார். அந்த மூதாட்டிகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

விடிந்ததும் ரெனால்ட்ஸ் எழுந்து வருகிறார். கவுன் முடிந்து நிற்கிறது. தான் இல்லாமலே வேலை நடந்துவிட்டது என்பது இப்படிப்பட்டவருக்குப் பேரிடி. அவர் கத்தவில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் ஆல்மாவின் பக்கத்தில் போய், என்னைக் கல்யாணம் செய்துகொள் என்கிறார். படத்தில் காதல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அதுவரை நடந்ததெல்லாம் அளவெடுப்பு.

உங்கள் அப்பா சத்தம் போடாததற்கு அவர் குணம் ஒரு காரணம். இடமும் ஒரு காரணமாக இருக்கலாம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின். திருவிழா வேஷத்துக்குச் சல்லடமும் (அரைக்கால் சட்டை) உருமாலும் (தலைப்பாகை) தைக்க வந்தவர் எதிரிலேயே நின்று “எப்பண்ணே முடியும்” என்று நச்சரிப்பார். கைவேலை மிஞ்சினால் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். கதவைச் சாத்திக்கொண்டு ‘எல்லாம் நானே’ என்று நினைக்க அங்கே கதவே கிடையாது. (கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு, மிஷின் சத்தமில்லாத மண்டபம் எனக்கு இன்னும் பழகவில்லை.)

சரி, விஷம். இரண்டாம் முறை காளான் ஆம்லெட் செய்யும்போது ஆல்மா எதையும் ஒளிப்பதில்லை. அவருக்கு ஆகாத வெண்ணெயைத் தாராளமாகப் போடுகிறாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தெரிந்தே ஒரு வாய் எடுத்து நிதானமாக மெல்லுகிறார். படுத்துக்கிடந்து இன்னொருவர் கையால் கஞ்சி குடிப்பது அவருக்கு வராத வித்தை. அதை இப்படியொரு கிறுக்கு வழியில் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நல்ல வழி என்று நான் சொல்லமாட்டேன், யாரும் வீட்டில் முயன்று பார்க்கவும் வேண்டாம். ஆனால் கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர்கள் அந்தக் காட்சியில் அதிர்ச்சி அடைவதைவிடச் சிரிப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் என் மனைவிதான் பலமாகச் சிரித்தாள்.