தாங்கியில் தண்ணீர் எவ்வளவு? ரஸ்ட்டும் இலத்திரனியலும் ஒன்றாகப் பழக ஒரு வழி

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டும் பைதனும் அன்றாடம் எழுதுவேன். ரஸ்ட் நிரல்மொழி பழக விருப்பம். இலத்திரனியலில் கை வைத்ததே இல்லை. மேல்தாங்கியின் தண்ணீர் மட்டத்தைப் போனில் பார்க்கிற மாதிரி ஒன்று செய்து இரண்டையும் சேர்த்தே பழகலாமா?

பதில்: பழகலாம், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டும் புதிதென்றால், மட்டம் பிழையாக வரும்போது கோளாறு வயரிலா நிரலிலா என்று கண்டுபிடிக்க வழியிராது. முதலில் மைக்ரோபைதனில் (சிறிய சிப்புகளில் ஓடும் பைதன்) ஓட்டிச் சுற்றைச் சரிபாருங்கள். பிறகு ஒரு வயரையும் அசைக்காமல் அதே வேலையை ரஸ்ட்டில் எழுதுங்கள். அப்போது வருவதெல்லாம் ரஸ்ட் பக்கத்துப் பிழைதான்.

சென்சரை இயக்கி வைஃபையில் தகவல் அனுப்பும் சிறு மின்பலகைதான் போட். அதை வாங்கும்போது இஎஸ்பி32-சி3 என்று கேட்டு வாங்குங்கள். பழைய இஎஸ்பி32இன் எக்ஸ்டென்ஸா சிப்புக்கு ரஸ்ட் கம்பைலரின் தனிப் பதிப்பொன்றை நிறுவ வேண்டும். சி3 ரிஸ்க்-ஃபைவ் வகைச் சிப் என்பதால் வழமையான கம்பைலரே போதும். கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பதென்றால் போட் இரண்டாக எடுங்கள்; ஒன்று எரிந்தால் அடுத்த பொதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கூடவே ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தால் தூரம் அளக்கும், நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சர், பற்றவைக்காமல் வயர் செருகும் பிரெட்போட், வயர்கள், 1 கிலோஓம் தடையிகள் (ரெசிஸ்டர்) மூன்று, 470 மைக்ரோஃபரட் கொள்ளளவி (கப்பாசிற்றர்), ஒரு மல்ரிமீற்றர். யூஎஸ்பி கேபிளில் கவனம்: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்றால் விளக்கு எரியும், கணினிக்குப் போட் தெரியாது.

சென்சரின் டிரிகர் கால் அளவைத் தொடக்கும், எக்கோ கால் விடையைத் தரும். சென்சருக்கு 5 வோல்ட் கொடுத்தால் எக்கோ காலிலும் 5 வோல்ட்தான் வரும். சி3இன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. எக்கோவிலிருந்து ஒரு தடையி, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு மற்ற இரண்டும் தொடராக. முதல் தடையியும் மற்ற இரண்டும் சேரும் சந்தியில் 3.3 வோல்ட் வரும். அங்கிருந்து போட்டின் 5ஆம் காலுக்கு (ஜிபிஐஓ எண்) வயர் எடுங்கள். டிரிகர் 4ஆம் காலுக்கு. 2, 8, 9ஆம் கால்களைத் தொடாதீர்கள். போட் எந்த முறையில் எழும்புவது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. சென்சரின் கிரவுண்டும் போட்டின் கிரவுண்டும் சேராவிட்டால் எண்கள் கண்டபடி வரும். வைஃபை அனுப்பும் கணத்தில் போட் 300 மில்லி அம்பியருக்கு மேல் இழுக்கும். மலிவான சார்ஜர் அதில் தடுமாறினால் போட் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். கொள்ளளவியை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில், துருவம் மாறாமல் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டிரிகரை 20 மைக்ரோசெக்கன் உயர்த்தி இறக்குங்கள். எக்கோ உயர்ந்திருந்த நேரத்தை மைக்ரோபைதனின் டைம்_பல்ஸ்_யூஎஸ் என்ற செயற்கூறு தரும். மறை எண் வந்தால் எதிரொலி கிடைக்கவில்லை என்று பொருள். மைக்ரோசெக்கனை 343ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் தூரம் மில்லிமீற்றரில். அந்த 343 என்பது 20 பாகைக்குரிய ஒலிவேகம். வன்னி வெயிலில் தாங்கிக்குள் 35 பாகை என்றால் 352 போடுங்கள். போடாவிட்டால் ஒரு மீற்றருக்கு இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் பிழைக்கும்.

இனி ரஸ்ட். சி3 போட்டுக்கான இஎஸ்பி-ஹால் நூலகம் 1.0 பதிப்பை எட்டியது 2025இல்தான். அதற்கு முந்திய பாடங்களிலுள்ள நிரல் பல இடங்களில் கம்பைல் ஆகாது. ரஸ்ட்டின் உரிமை விதி இந்த வேலையில்தான் சட்டென்று விளங்கும் என்பது என் எண்ணம். 4ஆம் காலை டிரிகருக்குக் கொடுத்த பிறகு வேறோரிடத்தில் அதே காலை எடுத்தால் கம்பைலர் மறுத்துவிடும். மைக்ரோபைதன் இதைக் கண்டுகொள்ளாது.

ஆனால் ரஸ்ட்டும் எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. சி3இல் தசமக் கணக்குக்குரிய வன்பொருள் கிடையாது, ஆகவே முழு எண்ணிலேயே கணக்கை வைத்திருப்பது நல்லது. நேரத்தை 16 பிற் எண்ணாக எடுத்தால்? ஒரு மீற்றர் போய்த் திரும்ப ஒலிக்கு 5830 மைக்ரோசெக்கன். 343ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 20 இலட்சம், 16 பிற் கொள்ளுவதோ 65,535. டீபக் பில்டில் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். போட்டுக்கு ஏற்றுவது வழக்கமாக ரிலீஸ் பில்ட். அதில் சத்தமில்லாமல் எண் சுருண்டு, ஒரு மீற்றர் 16 மில்லிமீற்றராகும். 32 பிற் எடுங்கள்.

தாங்கியில் பொருத்தும்போது, சென்சர் 25 சென்ரிமீற்றருக்குக் கிட்டே இருப்பதைச் சரியாக அளக்காது. நிரம்பிய மட்டத்திலிருந்து அவ்வளவு உயரம் விடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏமாற்றாமலிருக்க மூடியின் நடுவில் வையுங்கள். சென்சர் முகத்தில் நீர்த்துளி படிந்தாலும் அளவு துள்ளும்: ஐந்து தடவை அளந்து, வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். தாங்கியிலிருந்து வீட்டுக்கு நீள வயர் இழுக்காதீர்கள், இடிமின்னல் காலத்தில் அந்த வயரே போட்டைச் சுட்டுவிடும். போட்டை நிழல் பக்கத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்து வைஃபையில் அனுப்புங்கள். எறும்பும் பல்லியும் நுழையாதபடி வயர்த் துளையை சிலிக்கோன் பசையால் அடைத்துவிடுங்கள். சி3க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும், ரவுட்டரில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். போனில் காட்டுவது உங்களுக்குத் தெரிந்த வேலை.

மோட்டரைத் தானாகப் போட்டு நிறுத்தும் ஆசையும் வரும். 230 வோல்ட்டைப் பிரெட்போட் பக்கமே கொண்டுவராதீர்கள். கொன்ராக்டர் (மோட்டருக்கு மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச்) பொருத்துவதை மின்வினைஞரிடம் விடுங்கள்.